கொழுக்கட்டைப் புல்லா, ஊசிப்புல்லா?



குழுக் கடனில் ஆடு வாங்கியவங்க தீவனத்துக்குத்தான் அதிகம் அலையறாங்க. நம்ம முகையூர் பக்கத்து மானாவாரி நிலத்துக்கு ஏற்றது கொழுக்கட்டைப் புல். தூர் கட்டி வளரும். காய்ந்து கிடந்தாலும் மழை பெய்ததும் தூரிலிருந்து துளிர்க்கும்.

அடையாளம் கதிரில்தான் இருக்கு. விரல் நீளத்தில் பூனை வால் மாதிரி இருக்கும். தடவினால் மெத்தென்று இருக்கும்.

ஊசிப்புல் அப்படியில்லை. பூக்கும் முன் ஆடு மேயலாம், தப்பில்லை. விதை முற்றினால் நீளமான கருத்த வால்கள் முறுக்கி ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். விதையின் அடிமுனை ஊசி போல இருக்கும். சேலையில் ஏறுகிற அதே ஊசி ஆட்டு வாயிலும் குத்திப் புண்ணாக்கும். ஆடு தீனி எடுக்காது. முதலில் வாயைத் திறந்து பாருங்க. ஊசி இல்லாமல் வாய்ப்புண், காய்ச்சல், கழிச்சல் இருந்தால் ஆட்டுக்கொல்லி நோயாக இருக்கலாம். உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போகணும்.

விதைக்க நினைப்பவர்களுக்குக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 நீலக் கொழுக்கட்டை ரகம் உண்டு. விதைத்த 70–75 நாளில் முதல் அறுப்பு. புதுசாய் உருவிய விதை சரியாக முளைக்காது. 6 முதல் 8 மாதம் வைத்திருந்து, ஆழமில்லாமல் மேலாக விதைக்கணும்.