இளந்தாயர்க்கு ஒரு தாய்வீடு

நம் நகரின் நடுவே உயர்ந்து நிற்கும் மலைக்கோட்டையில் எழுந்தருளியுள்ள இறைவர்க்குத் தாயுமானவர் என்னும் திருப்பெயர் வந்த வரலாற்றைத் திருச்சிராப்பள்ளியில் பயில்வோர் அனைவரும் கேட்டிருப்பர். இரத்தினாவதி என்னும் வணிகர்குலப் பெண் பேறுகாலம் நெருங்கித் தன் அன்னையின் வரவை எதிர்நோக்கியிருந்தாள். காவிரியில் வெள்ளம் பெருகியமையால் அன்னை அக்கரையிலேயே தங்க நேர்ந்தது. நோவுற்ற பெண்ணின்பால் இரங்கி இறைவனே அத்தாயின் வடிவில் வந்து பேறு பார்த்தான் என்பது தலபுராணக் கதை. சமயம் எதுவாயினும் இக்கதையின் உட்பொருள் யாவர்க்கும் பொதுவாம். பிள்ளை பெறும் பெண்ணுக்கு முதற்கண் வேண்டுவன ஒரு தாயும், அத்தாய் இருக்கும் ஒரு வீடுமே. தலைப்பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவரும் நம் வழக்கமும் இதனையே வற்புறுத்துகின்றது.

அத்தாய்வீட்டின் கதவே அடைபட்டால் பெண் எங்கே செல்வாள்? பதினெட்டு ஆண்டு நிரம்பாத சிறுமியர் கருவுறுங்கால் பல வேளைகளில் இதுவே நேர்கின்றது. மணமாகாதவளாயின் குலத்துக்கு இழுக்கென்று வீட்டார் அவளை ஒதுக்குகின்றனர். மணமானவளாயின் வழக்கு வருமென்று அஞ்சி மருத்துவமனைக்கு அனுப்பாது மறைக்கின்றனர். இவ்வாறு துன்புறுவோர் சிலரே என்று நாம் ஆறுதல் கொள்ளற்கில்லை. 2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களுள் நூற்றுக்கு 6.3 பேர் தாயராகவோ கருவுற்றவராகவோ இருந்தனர். பதினாறு பேரில் ஒருத்தி என்பது இதன் பொருள். இந்தியா முழுமைக்கும் இவ்வெண் 6.8 ஆகும். கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னிற்கும் நம் மாநிலம் இத்துறையில் பெரிதும் முந்தவில்லை.

இளவயதுப் பேற்றினால் விளையும் இடர்களை மருத்துவ நூலோர் தெளிவாகக் கூறுவர். இருபது வயது கடந்த தாயரினும் இவர்க்குப் பேறுகால வலிப்பும், பேற்றுக்குப்பின் தோன்றும் நச்சுக் காய்ச்சலும் மிகுதியாக வருகின்றன. குழந்தை எடை குறைந்து பிறத்தலும், காலத்துக்கு முன் பிறத்தலும் உண்டு. இவ்விடர்கள் பலவற்றையும் தொடக்க மாதங்களிலேயே வரும் மருத்துவக் கண்காணிப்பு குறைக்க வல்லது. ஆனால் மறைந்து வாழ்பவள் அக்கண்காணிப்புக்கு எங்ஙனம் வருவாள்?

சட்டம் இவ்வகையில் படிப்படியாக வளர்ந்துள்ளது. 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்கு என வரையறுத்து, 1930 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 1978இல் அது பதினெட்டாக உயர்ந்தது. 2012இல் இயற்றப்பெற்ற போக்சோ சட்டம், சிறாருக்கு இழைக்கப்பெறும் பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ அறிவித்தல் கடமை என்றது. பதினெட்டு நிரம்பாத மனைவியும் காக்கப்படற்குரியளே என உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. இவையெல்லாம் சிறுமியைக் காக்க எழுந்தவை. இவற்றின் நோக்கத்தை நாம் குறைகூறோம். எனினும் குற்றவாளிக்கென எழுந்த அச்சம் சிறுமியையும் மருத்துவமனை வாயிலினின்று விலக்குவதைக் காணாதிருத்தல் ஆகாது. 2022இல் உச்ச நீதிமன்றம் இதனை உணர்ந்து, கருக்கலைப்பு நாடிவரும் சிறுமியும் அவள் காப்பாளரும் வேண்டின், மருத்துவர் தாம் அளிக்கும் அறிவிப்பில் அவள் பெயர் முதலிய அடையாளங்களைக் குறிக்க வேண்டுவதில்லை என விளக்கியது.

இனி உதவித் திட்டங்களைக் காண்போம். நம் அண்டை நகராகிய புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். ஆதரவற்று வந்த இளம்பெண்களுக்காக 1930இல் சென்னையில் ஔவை இல்லத்தைத் தோற்றுவித்தவர் அவரே. அவர் பெயரால் நடைபெறும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஏழைத் தாயர்க்குப் பணமும் பொருளுமாக 18,000 ரூபாய் அளிக்கின்றது. ஆயினும் பத்தொன்பது வயது நிரம்பியோர்க்கே அது உரியது. இளமணத்தைத் தடுத்தற்கே இவ்விதி என்பர். மணத்தைத் தள்ளிவைக்க அது தூண்டுமாயின் நன்றே. ஆனால் ஏற்கெனவே கருவுற்றுவிட்ட பதினேழு வயதுப் பெண்ணுக்கு அவ்விதியால் வரும் பயன் யாது? உதவி மிகமிக வேண்டுபவளே உதவிக்குப் புறம்பாகின்றாள்.

வயது வரம்பில்லாத உதவிகளும் உள்ளன. அவற்றை அறிவோர் சிலரே. 2011இல் தொடங்கப்பெற்ற திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் பேறும், மருந்தும், உணவும், வண்டியும் எல்லாத் தாயர்க்கும் இலவசம். அங்கன்வாடியில் சத்துமாவு பெறுதற்கும் அவள் உரியள். குழந்தைகளின் பசியை ஊரே தீர்க்கலாம் என்பதைக் காட்டிய சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1ஆம் நாள் நம் மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியிலேதான் தொடங்கப்பெற்றது என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

உறைவிடமே கடினமான பகுதி. சகி எனப்படும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்கலாம். ஆனால் அது ஐந்து நாட்களுக்கே. பேறுகாலமோ மாதக்கணக்கில் நீள்வது. 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, மாவட்டக் குழந்தைகள் நலக்குழு அவளைப் பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையாக ஏற்று இல்லத்தில் சேர்க்கலாம். குடும்பத்தால் கைவிடப்பட்ட கருவுற்ற சிறுமியர்க்கு உறைவிடமும் உணவும் சட்டத்துணையும் அளித்தற்கென, மத்திய அரசு 2023இல் நிர்பயா நிதியினின்று ஒரு திட்டம் வகுத்துள்ளது. குழந்தையை ஒப்படைக்க விரும்பின், கையெழுத்திட்ட பின்னும் மறுபடி எண்ணிப் பார்க்க அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. பதினெட்டு கடந்தபின் இருபத்தொன்று வரை பின்காப்பு உதவியும் கிடைக்கும்.

இத்தகைய இல்லம் புதுமையன்று. 1863இல் புனே நகரில் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் கருவுற்ற கைம்பெண்களுக்கு ஓர் இல்லம் திறந்தனர். அங்குப் பிறந்த யஷ்வந்த் என்னும் குழந்தையைத் தம் மகனாகவே ஏற்றனர். அக்குழந்தை வளர்ந்து மருத்துவராகிப் பிறர் உயிர் காத்தது. இங்கிலாந்திலோ 1977ஆம் ஆண்டுச் சட்டத்தினால், வீடற்ற கருவுற்ற பெண்ணுக்கு உறைவிடம் அளிப்பதில் முதலுரிமை தருதல் உள்ளூர் மன்றங்களின் கடமையாயிற்று. அயர்லாந்து தருவதோ எச்சரிக்கை. அங்கு 1922 முதல் 1998 வரை நடைபெற்ற 18 இல்லங்களில் ஏறத்தாழ 9,000 குழந்தைகள் இறந்தனர் என 2021இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறியது. அவற்றுட் பல கன்னியர் நடத்தியவை என்பதை நாம் மறைத்தல் தகாது. வெட்கத்தை மூடிவைக்கக் கட்டிய வீடு சிறையாகும். தாயையும் சேயையும் வாழ்விக்கக் கட்டிய வீடே இல்லமாகும்.

ஆதலின் இளந்தாயர் இல்லம் எனப்படுவதில் தாயும் சேயும் பிரியாதிருத்தல் வேண்டும். மருத்துவமனை அணித்தே இருத்தல் வேண்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்வார் ஒருவர் இருப்பின், தாய் விட்ட படிப்பைத் தொடரலாம். திறந்தநிலைப் பள்ளிகள் அதற்கென்றே உள்ளன. எல்லாவற்றினும் மேலாக, பெற்றோரோடு இடையறாது பேசிவரும் பொறுமையுடையார் ஒருவர் வேண்டும்.

மாணவ அன்பர்களே, இல்லம் கட்டுதல் நம்மால் இயலாதெனினும், 1098 என்னும் எண் சிறாருக்கானது என்பதை நம் தெருவினர்க்குச் சொல்லுதல் இயலும். அத்தகைய பெண்ணைப் பற்றிய பேச்சு நம் காதில் விழும்போது அதனை மேலும் பரப்பாதிருத்தலும் இயலும். அதுவும் ஓர் உதவியே.

பழங்கதையில் வெள்ளம் வடிந்தது. அன்னையும் வந்து சேர்ந்தாள். பெற்றோரின் சினமும் ஆற்றுவெள்ளம் போன்றதே. பேரக்குழந்தையின் முகங்கண்டு அது வடிதலும் உண்டு. அது வடியுமளவும் அப்பெண்ணின் அருகே தாயாய் நிற்பவர் யார் என்பதே கேள்வி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே திருவரங்கத்தைக் கொண்ட நம் ஊருக்கு, வெள்ளமென்பது புதிதன்று. வெள்ளத்தில் கைகொடுத்தலும் புதிதன்று.