உப்புக் காற்றில் ஒரு கணினி: தீவகத்து வீடுகளில் வெப்பத்தை வெளியேற்றும் வழி

சரவணையில் என்னிடம் திருத்த வரும் மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை பழையவை. யாழ்ப்பாண நகரில் இரண்டாம் கைக்கு வாங்கியவை சில. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர் அனுப்பியவை வேறு சில. "திடீரென்று நின்றுவிடுகிறது", "மத்தியானத்தில் மட்டும் வேலை செய்யாது", "விமானம் மாதிரி இரைகிறது" என்பவையே வழமையான முறைப்பாடுகள். மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான். பெட்டிக்குள் சேரும் வெப்பம் வெளியேற வழியில்லை.

புதிதாக ஒன்றை வாங்கிவிடலாமே என்று கேட்பது இலகு. 2022 மார்ச்சுக்குப் பிறகு ரூபாவின் பெறுமதி சரிந்ததோடு அந்த வழி பல குடும்பங்களுக்கு அடைபட்டுவிட்டது. இருக்கும் கணினியை இன்னும் நாலைந்து வருடம் உயிரோடு வைத்திருப்பதே எங்களுக்கு இயலுமான காரியம்.

இன்னொரு காரணமும் உண்டு. 1990 ஆகஸ்டில் தீவகத்தில் படை நடவடிக்கை தொடங்கிய பின் இடம்பெயர்ந்தவர்கள் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் கல்யாணப் படத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டுதான் ஊர் ஊராக அலைந்தார்கள். அந்தப் பையையும் தொலைத்தவர்கள் பலர். மிஞ்சியவற்றை இன்று பிள்ளைகள் ஸ்கான் செய்து கணினியில் வைத்திருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரைத் தேடும் குடும்பத்தின் கணினியில் முறைப்பாட்டுக் கடிதங்கள், பற்றுச்சீட்டுகள், ஒரேயொரு புகைப்படம் என்று எல்லாமே இருக்கும். அப்படிப்பட்ட ஒரு பெட்டி வெப்பத்தால் பழுதாவதை வெறும் இயந்திரக் கோளாறு என்று சொல்லிவிட முடியாது.

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

கணினி இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது. 100 வாற்று இழுக்கும் கணினி, 100 வாற்றுக் குண்டுமின்குமிழ் ஒன்றைத் தகரப் பெட்டிக்குள் எரியவிட்டதற்குச் சமம். 2004, 2005 அளவில் வந்த சில பென்டியம் 4 புரொசசர்கள் தனியாகவே 115 வாற்று வெப்பத்தை வெளிவிடக்கூடியவை. அந்தக் காலத்தில் இன்டெல் நிறுவனம் பெட்டி செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டலை வெளியிட்டது. அறையின் வெப்பம் 35 பாகை செல்சியஸாக இருக்கும்போது, புரொசசரின் விசிறிக்குள் போகும் காற்று 38 பாகையைத் தாண்டக்கூடாது என்பதே அதன் சாரம். அதற்காகத்தான் அக்காலப் பெட்டிகள் பலவற்றின் பக்கத் தகட்டில் ஓட்டைகளும், உள்ளே புரொசசரை நோக்கிய ஒரு குழாயும் வந்தன.

35 பாகை என்பது இலண்டனில் அபூர்வமான நாள். எங்களுக்கு அது சித்திரை, வைகாசி மத்தியானம். ஓட்டுக்குக் கீழே உட்கூரை இல்லாத அறையென்றால் சொல்லவே வேண்டாம். குளிர்நாட்டில் ஒழுங்காக ஓடிய கணினி இங்கே வந்து தடுமாறுவதில் வியப்பில்லை.

வெப்பம் கூடினால் புரொசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் அல்லது நின்றுவிடும். அது தற்காப்பு. மதர்போட்டிலும் பவர் சப்ளையிலும் உள்ள மின்பகு கொள்ளளவிகளுக்கு அப்படியான தற்காப்பு இல்லை. வெப்பம் 10 பாகை குறைந்தால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு. 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பதும் அதே கணக்குத்தான்.

புகைக்கூட்டின் தத்துவம்

எங்கள் பழைய அடுப்படிகளில் புகைக்கூடு இருக்கும். கீழே வாசலாலும் யன்னலாலும் குளிர்ந்த காற்று வரும், மேலே புகைக்கூட்டால் சூடான காற்று போகும். கணினிப் பெட்டிக்கும் வேண்டியது இதுதான். முன்பக்கத்தின் அடியில் காற்று நுழைய வேண்டும், பின்பக்கத்தின் மேற்பகுதியால் வெளியேற வேண்டும். இடையில் ஹாட் டிஸ்க், கிராபிக்ஸ் கார்ட், புரொசசர் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போக வேண்டும்.

பலர் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, எதிரே மேசை விசிறியைப் போட்டுவிடுகிறார்கள். புரொசசரின் வெப்பம் குறையக்கூடும். ஆனால் புகைக்கூட்டின் சுவரை இடித்துவிட்டால் இழுவை இருக்காது. காற்று ஒரு பக்கத்தால் வந்து அதே பக்கத்தால் திரும்பிவிடும், முன்னால் ஒதுங்கியிருக்கும் ஹாட் டிஸ்க்குக்குப் போய்ச் சேராது. அதோடு பல்லி, எறும்பு, தூசி, உப்பு எல்லாவற்றுக்கும் கதவைத் திறந்துவிட்டதாகிவிடும். மதர்போட்டில் பல்லி கருகிக் கிடந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

எவ்வளவு காற்று வேண்டும்?

100 வாற்று வெப்பத்தை, உள்ளே வரும் காற்று 10 பாகை மட்டுமே சூடேறும்படி வெளியேற்ற, நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 லீற்றர் காற்று வேண்டும். 40 லீற்றர் கொள்ளளவுள்ள பெட்டியில் ஒரு நிமிடத்துக்குள் பன்னிரண்டு தடவை காற்று மாற வேண்டும் என்று இதற்குப் பொருள். நல்ல 120 மில்லிமீற்றர் விசிறி ஒன்று இதை இலகுவாகச் செய்யும். ஆனால் விசிறி இருந்தாலும் வாசல் இல்லாவிட்டால் பயனில்லை.

பழைய பெட்டிகளின் உண்மையான குறை இங்கேதான். முன்பக்கம் அழகான பிளாஸ்டிக்கால் மூடப்பட்டிருக்கும், அதன் கீழே விரலளவு இடைவெளிதான். உள்ளே தகரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள். பலவற்றில் ஓட்டையைவிடத் தகரமே அதிகம். விசிறி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இந்த வாசலைத் திறப்பதுதான்.

வெட்டும் வேலை

முதலில் மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டிக்குள் உள்ள எல்லாவற்றையும் கழற்றி வெளியே எடுங்கள். மதர்போட்டை உள்ளே வைத்துக்கொண்டு தகரம் வெட்டினால், பறக்கும் இரும்புத்தூள் ஏதாவதொரு மூலையில் ஒட்டிக்கொண்டு பிறகு மின்சாரத்தைக் குறுக்கே பாய்ச்சிவிடும். பவர் சப்ளையை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் ஆபத்தான மின்னேற்றம் அதற்குள் தங்கியிருக்கும்.

விசிறி பொருந்தும் இடத்தில் உள்ள ஓட்டைத் தகரத்தை, தகரம் வெட்டும் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டி எடுக்கலாம். நான்கு ஆணித் துளைகளையும் சேர்த்து வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய விளிம்பை அரத்தால் ராவி, துருத்தடுப்புப் பெயின்ற் இரண்டு தடவை பூசுங்கள். கொழும்பில் இதைச் செய்யாவிட்டாலும் தப்பலாம். கடலுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில் வெட்டிய தகரம் ஒரு மாரிக்குள் துருப்பிடித்துவிடும், அந்தத் துரு உதிர்ந்து மதர்போட்டில் விழும்.

80 மில்லிமீற்றர் விசிறி இருந்த இடத்தில் 120 மில்லிமீற்றர் விசிறி பூட்ட இடமிருந்தால் அப்படியே செய்யுங்கள். அதன் பரப்பு இரண்டேகால் மடங்கு பெரிது. மெதுவாகச் சுழன்றாலும் அதே அளவு காற்றைத் தரும், இரைச்சலும் குறைவு. சட்டத்தின் குறுக்குக் கைகள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். பூட்டுவதற்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பவர் சப்ளையிலிருந்து வரும் நான்குமுனைச் செருகியில் மஞ்சளும் கறுப்பும் 12 வோல்ற், சிவப்பும் கறுப்பும் 5 வோல்ற். இப்படியான விசிறிகள் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாற்றுக்குள்தான் இழுக்கும். மின்வெட்டு நேரத்தில் பற்றரியில் ஓட்டுபவர்களுக்கும் இது பெரிய பாரமாக இராது.

கடலோரத்துக்கு ஒரு திருத்தம்

"வெளியே தள்ளும் விசிறிகளைக் கூட்டுங்கள்" என்பது பொதுவான ஆலோசனை. எங்களுக்கு நான் சொல்வது இதற்கு நேர்மாறு. வெளியே தள்ளுவது அதிகமானால் பெட்டிக்குள் அமுக்கம் குறையும். அப்போது சீடி டிரைவின் இடுக்கு, யூஎஸ்பி ஓட்டை என்று எல்லாப் பிளவாலும் தூசி உள்ளே உறிஞ்சப்படும். சோளகம் வீசும் மாதங்களில் அந்தத் தூசியில் மணலும் உப்பும் கலந்திருக்கும். உள்ளே தள்ளும் காற்று சற்று அதிகமாக இருந்தால் பிளவுகளால் காற்று வெளியேதான் போகும். வரும் காற்று முழுவதும் ஒரே வாசலால் வரும். அந்த வாசலில் வடிகட்டி ஒன்றைப் போட்டுவிடலாம்.

வடிகட்டிக்கு நுளம்பு வலைத் துண்டு போதும். மிக நெருக்கமான துணி கூடாது, காற்று தடைப்படும். முன்பக்கத்தைக் கழற்றாமலே எடுக்கக்கூடியதாகப் பொருத்தி, சோளகக் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள். வலை பெரிய தூசியைத் தடுக்கும், காற்றோடு வரும் நுண்ணிய உப்பைத் தடுக்காது. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளே மென்மையான தூரிகையால் தட்டித் துப்புரவாக்குவது அவசியம். அப்போது விசிறி இதழ்களைச் சுழலவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். புரொசசரின் மேலுள்ள பழைய பசை காய்ந்திருந்தால் துடைத்துவிட்டு, ஒரு பயறளவு புதிதாக வையுங்கள்.

உப்புப் படிவதால் மட்டும் கேடு வருவதில்லை, அது ஈரத்தை உறிஞ்சும்போதுதான் அரிப்புத் தொடங்குகிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது கறியுப்புக் கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டு அதைவிடக் குறைந்த ஈரப்பதனிலேயே கசிந்துவிடும். மாரியில் வெளியே 28 பாகையும் 85 சதவீத ஈரப்பதனும் இருந்தால், அதே காற்று ஓடும் கணினிக்குள் 34 பாகைக்குச் சூடாகும்போது ஈரப்பதன் ஏறத்தாழ 60 சதவீதமாகக் குறைகிறது. அதாவது ஓடும் கணினி தன்னைத்தானே உலர்த்துகிறது. மாதக்கணக்கில் மூடிவைத்த கணினியே முதலில் அரிபடுகிறது. மாரியில் கிழமைக்கு இரண்டு தரமாவது ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள்.

வேலை சரியா என்று எப்படி அறிவது?

மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒரே நேரத்தில், ஒரே வேலையை அரை மணி நேரம் ஓடவிட்டு வெப்பத்தைக் குறியுங்கள். அறை வெப்பத்தையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் குறைந்திருந்தால்தான் வேலை பலித்தது என்று பொருள். காற்றின் திசையை அறிய ஊதுபத்தி ஒன்று போதும். முன் வாசலில் புகை உள்ளே இழுபட வேண்டும், பக்கப் பிளவுகளில் வெளியே தள்ளப்பட வேண்டும்.

பற்றரிகூட வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். தகரத்தில் ஒரு வட்டம் வெட்டுவது எங்களுக்குப் பெரிய வித்தையல்ல.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. எவ்வளவு குளிர்வித்தாலும் ஹாட் டிஸ்க் ஒருநாள் நின்றே தீரும். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகள்தான் மீட்கமுடியாத இழப்பாகிப் போயின. உங்கள் காணி உறுதிக்கும் படங்களுக்கும் ஒரு பிரதி கணினியில் இருக்கட்டும், இன்னொன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும், மூன்றாவது கடல் கடந்த உறவொன்றிடம் இருக்கட்டும். பெட்டியை வெட்டுவதற்கு முதல் நாளே இந்தப் பிரதிகளை எடுத்து வையுங்கள்.