வயிற்றுத் தோல் சீரமைப்பு அறுவை சிகிச்சை: முன்னேற்பாடுகளும் குணமடையும் காலமும்

பிரசவத்திற்குப் பின்னரோ, உடல் எடை பெருமளவு குறைந்த பின்னரோ அடிவயிற்றுத் தோல் தளர்ந்து தொங்குவதுண்டு. அத்தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் அகற்றி, விலகிய வயிற்றுத் தசைகளைத் தைத்து இறுக்குவதே இச்சிகிச்சை. ‘டம்மி டக்’ எனப் பரவலாக அறியப்படும் இது, எடை குறைப்புச் சிகிச்சை அன்று. மயக்க மருந்து கொடுத்துச் செய்யப்படும் பெரிய அறுவை சிகிச்சை. இதன் பலன் அறுவையை மட்டுமன்றி, அடுத்த ஆறு வாரங்கள் வீட்டில் கிடைக்கும் ஓய்வையும் பொறுத்தது. வியாசர்பாடியிலும் வடசென்னையின் பிற பகுதிகளிலும் வசிப்போர் அந்த ஆறு வாரங்களை முன்கூட்டியே திட்டமிட இப்பக்கம் உதவும்.

யாருக்கு ஏற்றது?

உடல் எடை குறைந்தது ஆறு மாதங்களாக ஒரே நிலையில் இருப்பவர்களுக்கு இது ஏற்றது. மீண்டும் கருத்தரிக்க விரும்புவோர் பிரசவத்திற்குப் பின் செய்துகொள்வதே நல்லது. கர்ப்பத்தில் தசைகள் மறுபடியும் விலகக்கூடும்.

வயிறு முன்தள்ளி இருப்பதற்குத் தளர்ந்த தோல் மட்டுமே காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். சிசேரியன் தழும்பின் அருகிலோ தொப்புளிலோ இருமும்போது புடைப்புத் தோன்றினால் அது குடலிறக்கமாக இருக்கலாம். அதற்குத் தனியே பரிசோதனை தேவை.

எங்கு ஆலோசனை பெறுவது?

வடசென்னை மக்களுக்கு அருகிலுள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலும், கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையிலும், சென்ட்ரல் எதிரேயுள்ள இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைத் துறை உள்ளது. தோல் மடிப்பில் ஓயாத புண், குடலிறக்கம் போன்ற மருத்துவக் காரணங்கள் இருந்தால் புறநோயாளிகள் பிரிவில் தெரிவியுங்கள். அழகுக்காக மட்டும் செய்யப்படும் அறுவைக்குப் பொதுவாகக் காப்பீட்டுத் திட்டங்கள் பொருந்துவதில்லை; மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

தனியார் மருத்துவமனையை நாடினால், விளம்பரத்தையும் குறைந்த கட்டணத்தையும் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அறுவை செய்பவர் ஒட்டுறுப்பு அறுவையில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவரா, மயக்கவியல் மருத்துவர் உடன் இருப்பாரா, அவசர சிகிச்சை வசதி உள்ளதா எனக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

அறுவைக்கு முன்

- பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை ஆகியவற்றை அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்துங்கள். புகையிலை தோலுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கும். தைத்த தோல் கருகி அழுகும் ஆபத்து உண்டு.
- சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.
- ஆஸ்பிரின், கருத்தடை மாத்திரை, நாட்டு மருந்து உட்பட நீங்கள் உட்கொள்ளும் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எதையும் தாமாக நிறுத்த வேண்டாம்.
- உங்களுக்கோ குடும்பத்தினருக்கோ கால் நரம்பிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்திருந்தால் தவறாமல் தெரிவியுங்கள்.
- அழகுக்கான அறுவைக்கு அவசரம் இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் நீர் தேங்கினால் மருத்துவமனைக்குச் செல்வது கடினமாகும். ஆறாத புண்ணுடன் தேங்கிய நீரில் நடப்பதும் தீங்கு. இயன்றால் வேறு மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அறுவையும் மருத்துவமனை நாட்களும்

அறுவை பொதுவாக 2 முதல் 4 மணி நேரம் நீடிக்கும். ஓர் இடுப்பெலும்பிலிருந்து மற்றோர் இடுப்பெலும்பு வரை அடிவயிற்றில் கீறல் இடப்படும்; தொப்புள் புதிய இடத்தில் தைக்கப்படும். தேங்கும் நீரை வெளியேற்ற ஓரிரு குழாய்கள் பொருத்தப்படும். பெரும்பாலோர் 1 முதல் 3 நாட்கள் மருத்துவமனையில் இருப்பர். வலி இருந்தாலும் முதல் நாளே எழுப்பி நடக்கச் சொல்வார்கள். கால்களில் இரத்தம் உறையாமல் காப்பது அந்த நடையே.

வீட்டில் ஆறு வாரங்கள்

முதல் வாரம் நிமிர்ந்து நிற்க இயலாது. சற்றுக் குனிந்தே நடப்பீர்கள். முதுகுக்கும் முழங்காலுக்கு அடியிலும் தலையணை வைத்துச் சாய்ந்து படுங்கள். தரையில் பாய் விரித்துப் படுத்தால் எழும்போது தையல் இழுபடும். கட்டிலோ சாய்வு நாற்காலியோ ஏற்பாடு செய்யுங்கள். தரைமட்டக் கழிப்பறை மட்டும் உள்ள வீட்டில், மேலே பொருத்தும் கழிப்பறை நாற்காலி உதவும். மின்தூக்கி இல்லாத அடுக்குமாடியின் மேல்தளத்தில் வசிப்பவர், முதல் இரு வாரங்கள் தரைத்தளத்தில் உறவினர் வீட்டில் தங்க இயலுமா எனப் பாருங்கள்.

ஆறு வாரங்கள் வரை 4 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. தண்ணீர் நிரம்பிய 15 லிட்டர் குடம் ஏறத்தாழ 15 கிலோ எடை உள்ளது. எரிவாயு உருளை, அரிசி மூட்டை, இடுப்பில் குழந்தை ஆகிய எதையும் தூக்கலாகாது. தூக்கினால் உள்ளே தைத்த தசை பிரியக்கூடும். அமர்ந்து செய்யும் வேலைக்கு 2 முதல் 4 வாரங்களில் திரும்பலாம். துறைமுகம், கிடங்கு, சந்தை போன்ற இடங்களில் சுமை தூக்குவோர் குறைந்தது ஆறு வாரங்கள் விடுப்பு எடுக்க வேண்டும். அக்கால வருமானத்தையும் கணக்கில் கொண்டே முடிவெடுங்கள்.

குழாயில் சேரும் நீரின் அளவை நாள்தோறும் ஒரே நேரத்தில் அளந்து எழுதி வையுங்கள். அளவு குறைந்த பின் மருத்துவரே குழாயை அகற்றுவார். இறுக்கப் பட்டையை அவர் சொல்லும் காலம் வரை அணியுங்கள். மலச்சிக்கலால் முக்காதிருக்கப் போதிய நீரும் கீரையும் பழமும் உட்கொள்ளுங்கள். புண்ணின் மேல் மஞ்சளோ எண்ணெயோ தடவ வேண்டாம். ‘பச்சை உடம்பு’ என்று நாள் முழுதும் படுக்கையில் வைத்திருக்கவும் வேண்டாம். வீட்டுக்குள் சிறிது சிறிதாக நடக்க வேண்டும்.

பராமரிப்பாளர் கவனத்திற்கு

முதல் ஒரு வாரம் ஒருவர் இரவும் பகலும் உடன் இருக்க வேண்டும். பெண் நோயாளிகள் பலர், வலி சற்றுக் குறைந்ததும் தாமே எழுந்து சமைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் தொடங்கிவிடுகின்றனர். அவ்வேலைகளை யார் செய்வது என்பதை அறுவைக்கு முன்பே குடும்பத்தில் பேசி முடிவு செய்யுங்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

- திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம்
- ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைக்கால் வலியும்
- 38 டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ச்சல்
- புண்ணில் சீழ், துர்நாற்றம், பரவும் சிவப்பு, தோல் கருமையாதல்
- குழாயில் திடீரெனச் சிவந்த இரத்தம் அதிகரித்தல், வயிறு வேகமாக உப்புதல்

முதல் இரண்டும் இரத்த உறைவின் அறிகுறிகளாக இருக்கலாம். அது உயிருக்கு ஆபத்தானது. வாயுப் பிடிப்பு என்று கருதிக் காலம் தாழ்த்தாமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். அறுவை எங்கு நடந்திருந்தாலும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லலாம். அறுவை செய்துகொண்டதைக் கூறத் தயங்க வேண்டாம். அவசரமற்ற ஐயங்களுக்கு 104 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம்.

என்ன பலன் எதிர்பார்க்கலாம்?

வீக்கம் முழுதும் வடிய மூன்று மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். அடிவயிற்றில் மரத்த உணர்வு பல மாதங்கள் நீடிக்கும். சிலருக்கு ஓரளவு நிலைத்துவிடும். தழும்பு முற்றிலும் மறையாது. ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டில் மங்கும். அகற்றிய தோலில் இருந்த பிரசவக் கோடுகள் மட்டுமே நீங்கும். எடை மீண்டும் கூடினால் பலன் குறையும். இவற்றை ஏற்க மனம் ஒப்பாவிடில் அறுவையைத் தள்ளிப்போடலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்ட பின்னரும் அவ்வுரிமை உங்களுக்கு உண்டு.