ஊருக்கு நடுவில் ஒரு வீடு வாங்கினோம்

"நாலு பாஷை பேசற தெருவுல போய் வீடு வாங்கறியா? உனக்கென்ன பைத்தியமா?"

என் பெரிய நாத்தனார் போனில் கேட்ட கேள்வி இது. 2015-ல் தர்மபுரி டவுனுக்குள், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடுகிற தூரத்தில், ஒரு பழைய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க நாங்கள் தயாராகிக்கொண்டிருந்த சமயம்.

நாத்தனாரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் உறவில் எல்லோருமே ஊருக்கு வெளியே, பைபாஸ் ஓரத்தில், பக்கத்து மனையும் எதிர் மனையும் சொந்தக்காரர்களாகப் பார்த்து வாங்கியவர்கள். நாங்கள் மட்டும் ஆறு வருஷமாக அந்தத் தெருவில் வாடகைக்கு இருந்து பழகிவிட்டோம். பெங்களூரும் ஓசூரும் கூப்பிடு தூரம் என்பதாலோ என்னவோ, எங்கள் ஊர்த் தெருக்களில் தெலுங்கும் கன்னடமும் உருதும் தமிழும் கலந்துதான் காதில் விழும். யுகாதிக்கு ஒரு வீட்டிலிருந்து வேப்பம்பூவும் வெல்லமும் வரும். ரம்ஜானுக்கு இன்னொரு வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி. என் பையன் ஐந்து வயதிலேயே உருதில் பத்து வரை எண்ணுவான். தெலுங்கில் திட்டவும் தெரியும், அதை எங்கே கற்றான் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை!

மாமியாரின் கவலை வேறு. "நம்ம ஜனம் ஒருத்தர்கூட இல்லாத தெருவுல வாங்கி, நாளைக்கு ஒண்ணுன்னா யாரும்மா வருவா?" என்றார். அதற்கும் காரணம் இருந்தது. 2012 நவம்பர் 7-ம் தேதி, நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற தலித் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்தினார்கள். ஒரு காதல் கல்யாணத்தைக் காரணமாகச் சொன்னார்கள். பீரோவும் பள்ளிக்கூடப் புஸ்தகமும் கரியாகக் கிடந்த படங்களைப் பத்திரிகையில் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வீடு தேடுகிறவர்கள் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றி அல்ல, "அங்கே யார் யார் இருக்காங்க?" என்பதைத்தான். பயந்தவர்களும் கேட்டார்கள், பயமுறுத்தியவர்களும் கேட்டார்கள்.

சரி, வீட்டுக்கு வருகிறேன். நாங்கள் முதலில் பார்த்தது இந்த வீடு அல்ல. அடுத்த தெருவில் திண்ணையும் முற்றமுமாக ஒரு வீடு, விலையும் கொள்ளை மலிவு. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டினால், "கட்டடம்தாம்மா இவங்களது. மனை கோயிலுக்குச் சொந்தம்" என்றார். அடிமனை என்பார்கள். பல வருஷமாகக் கோயிலுக்கு வாடகை கட்டிக்கொண்டு குடியிருப்பார்கள். அந்த மனையை அவர்கள் விற்க முடியாது. பழைய ஊர்களில் கோயிலுக்கும் வக்ஃபுக்கும் உரிய மனைகள் இப்படி வீடுகளுக்கு அடியிலேயே இருக்கும். ஆகவே சகோதரிகளே, ஊருக்கு நடுவில் வீடு மலிவாகக் கிடைத்தால், ஏன் மலிவு என்று முதலில் கேளுங்கள்.

இரண்டாவதாக வந்ததுதான் இப்போது நாங்கள் இருக்கும் வீடு. தெலுங்கு பேசுகிற குடும்பம். அப்பா காலமாகிவிட்டார், அம்மா அவருக்கு முன்பே. மகன்கள் மூன்று பேரும் பெங்களூரில். மூல பத்திரம் அப்பா பெயரில், அவர் சுயமாகச் சம்பாதித்து வாங்கியது. வில்லங்கச் சான்றிலும் கடன், அடமானம் எதுவும் இல்லை. என் கணவர் "எல்லாம் சுத்தம்" என்று சந்தோஷமாக வந்து சொன்னார்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு நானிம்மா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். (தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும்.) என்னைப் பார்த்ததும், "ஏம்மா, அந்த வூட்டுல ஒரு பொண்ணு இருக்குதே, அதுகிட்ட சொல்லிட்டாங்களா?" என்றார்.

எந்தப் பொண்ணு?

"ஓசூர்ல கட்டிக் குடுத்தாங்களே, அது. அதோட கல்யாணத்துக்கு இந்த வாசல்லதான் பந்தல் போட்டாங்க. நான்தான் மருதாணி வெச்சேன்."

எனக்குத் திக்கென்றது. வில்லங்கச் சான்று, பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். யாருக்கு எத்தனை பிள்ளைகள் என்று அது சொல்லாது. அதற்குத் தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதைக் கேட்டபோது பெரியவர், "தங்கச்சிக்கு நகை, சீர் எல்லாம் செஞ்சாச்சுங்க. அவ கையெழுத்து எதுக்கு?" என்றார். எங்கள் வக்கீல் அசையவில்லை. அப்பா உயில் எழுதாமல் போன சொத்தில், 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கு மகன்களோடு சம பங்கு உண்டு. சீர் செய்துவிட்டால் பங்கு போய்விடாது. பரம்பரைச் சொத்திலும் மகள்களுக்கு உரிமை தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுவதற்கும் 2005-லும் வந்துவிட்டது.

நாலு மாதம் இழுத்தது. பெரியவர் கோபத்தில் ஐம்பதாயிரம் விலையும் ஏற்றினார். கடைசியில் அந்தப் பெண் வந்து, தன் பங்குப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். போகும்போது நானிம்மா வீட்டுக்குள் போனவள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். என்ன பேசினார்களோ! அன்று நானிம்மா வாய் திறக்காமல் இருந்திருந்தால், பத்து வருஷம் கழித்து அவள் கோர்ட்டுக்குப் போயிருப்பாள், நானும் கூடவே அலைந்திருப்பேன்.

பத்திரத்தை என் பெயரிலும் சேர்த்துத்தான் பதிவு செய்தோம். இப்போது வாங்கப்போகும் தங்கைகளுக்கு ஒரு தகவல். 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. டவுனுக்குள் அந்த விலைக்கு வீடு கிடைக்குமா என்று கேட்காதீர்கள், சிறிய மனைக்காவது உதவும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அதிலும் சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கு. எங்கள் மாவட்டத்துப் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை, நாள்பட எலும்பு மூட்டு விறைப்பு என்று படுத்திவிடும். எட்டு வயது வரை ஈறுக்குள்ளே நிரந்தரப் பற்கள் உருவாகிக்கொண்டிருப்பதால், கறை விழுவதும் அந்த வயதில்தான். காய்ச்சிக் குடித்தால் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும்! லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தோம். வீட்டுப் போர் அந்த அளவைத் தாண்டியிருந்தது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததால் காவிரித் தண்ணீர் குழாயில் கிடைக்கிறது. ஆகவே, குடிக்க, சமைக்கக் குழாய்த் தண்ணீர். துவைக்கத் துலக்கப் போர்.

இனி சுவர் விவகாரம். 'கிழக்குச் சுவர் பொதுச்சுவர்' என்று பத்திரத்திலேயே இருக்கிறது. நானிம்மா வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர், இரண்டு வீட்டு உத்தரமும் அதன் மேல்தான். நாங்கள் மாடியில் ஒரு போர்ஷன் கட்டியதும், அவர்கள் பக்கம் பீரோவுக்குப் பின்னால் சுவர் ஊறிற்று. "பழைய சுண்ணாம்புச் சுவர், ஊறத்தான் செய்யும்" என்று நாங்கள் சாதித்தோம். அவருடைய மகனுக்கும் என் கணவருக்கும் வார்த்தை தடித்துவிட்டது. அந்த ரம்ஜானுக்குக் கஞ்சி வரவில்லை. மாமியார், "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார். கொத்தனார் வந்து தோண்டிப் பார்த்தால், ஒழுகியது எங்கள் பாத்ரூம் குழாய்! செலவு முழுவதும் நாங்களே செய்தோம். மறு வருஷம் கஞ்சி வந்தது. தூக்கு மட்டும் பெரிது.

அந்த மாடி போர்ஷனால்தான் நான் தலைகுனிந்ததும். வாடகைக்குப் பார்க்க ஒரு நர்ஸ் பெண்ணும் அவள் அம்மாவும் வந்தார்கள். பெண்ணுக்கு வீடு பிடித்துவிட்டது. நான் காபி கொடுத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்பதுபோல, "எந்த ஊரும்மா?" என்றேன். சொன்னாள். அதோடு விட்டேனா? "அங்க எந்தப் பக்கம்? ஊருக்குள்ளயா..." என்று இழுத்தேன். எங்கள் பக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "காலனிங்க. நாங்க வேற வீடு பார்த்துக்கறோம்" என்றாள். அம்மாவின் கையைப் பிடித்து மாடிப்படி இறக்கிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சாவி என் கையில்தான் இருந்தது. கூப்பிட்டுக் கொடுத்திருக்கலாம். என்னவோ, வாய் வரவில்லை.

அன்று ராத்திரி என் மகள், "நம்மகிட்ட யாராச்சும் இப்படிக் கேட்டிருந்தா இந்த வீடு கிடைச்சிருக்குமாம்மா?" என்றாள். பத்தாவது படிக்கிற பெண். பதில் சொல்லாமல் பாத்திரம் துலக்கினேன். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கே போய் அந்தப் பெண்ணைப் பார்த்து, வீடு இருக்கிறது என்று சொன்னேன். மரியாதையாகத்தான் பேசினாள். "வேற இடம் பார்த்துட்டோங்க்கா" என்றாள்.

மூன்று மாதம் போர்ஷன் காலியாகக் கிடந்தது. அடுத்து வந்தவர்களிடம் எத்தனை பேர், டூவீலர் உண்டா, வாடகை எந்தத் தேதிக்குத் தருவீர்கள் என்று மட்டும் கேட்டேன். மாமியார் என் முகத்தைப் பார்த்தார். நான் சாவியைக் கொடுத்துவிட்டேன். ஐந்து வருஷமாக அவர்கள்தான் இருக்கிறார்கள். வெளியூர் போகும்போது சாவியை என்னிடம் கொடுப்பதில்லை, நானிம்மாவிடம்தான் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அவர்தான் எந்நேரமும் திண்ணையில் இருக்கிறாரே!