பிரெட் துண்டு கழற்றிய பேரிங்!

வீட்டை ஒட்டிய சின்ன கராஜ். நடுவே ஸ்டாண்டில் ஒரு பழைய ஃபோர்டு இன்ஜின் நிற்கிறது. சுவரோரம், வெல்டிங் முடிந்து பெயின்ட்டுக்குக் காத்திருக்கும் இரும்புக்கூடு. இன்ஜினின் பின்பக்கம் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. கார்க்காரர் அதற்குள் தண்ணீரில் நனைத்த பிரெட்டைப் பிய்த்துப் பிய்த்துத் திணிக்கிறார். துளையில் ஒரு இரும்புத் தண்டை வைத்து சுத்தியலால் ஓங்கி ஒரு அடி. மறுபடி பிரெட். மறுபடி அடி.

டீயில் தொட்டுச் சாப்பிட வேண்டியதை இன்ஜினுக்கு ஊட்டினால், வீட்டில் உள்ளவர்கள் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். ஆனால், இங்கிலாந்தில் வீட்டிலேயே கார் கட்டுகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. உள்ளே ஒரு பேரிங் வெளியே வர மறுக்கிறது, அவ்வளவுதான்.

வீட்டில் கார் கட்டுவதா என்று ஆச்சர்யப்பட வேண்டாம். அந்த நாட்டில் அது பல்லாண்டுப் பழக்கம். காலின் சாப்மன் என்ற இன்ஜினீயரின் லோட்டஸ் நிறுவனம் 1957-ல் 'லோட்டஸ் செவன்' என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. முழு காராக வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும். உதிரி பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி கிடையாது. சும்மா இருப்பார்களா? பலரும் பெட்டி பெட்டியாக வாங்கிப்போய்ப் பூட்டினார்கள். 'எப்படிப் பூட்டுவது' என்று கையேடு கொடுத்தால் சலுகை போய்விடும் என்பதால், 'எப்படிக் கழற்றுவது' என்று எழுதிக்கொடுத்ததாகவும், அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்து காரைக் கட்டியதாகவும் ஒரு கதை சொல்வார்கள்.

1973-ல் அந்த வரியே போய்விட்டது. செவனைத் தயாரிக்கும் உரிமையும் அதே ஆண்டு கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. ஆசை மட்டும் போகவில்லை. 1996-ல் ரான் சாம்பியன் என்பவர், வெறும் 250 பவுண்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று தலைப்பிலேயே அறிவித்து ஒரு புத்தகம் எழுதினார். இரும்புக் குழாய்களை வெட்டிப் பற்றவைத்து சேஸியை நாமே செய்ய வேண்டும். இன்ஜின், கியர்பாக்ஸ் போன்றவற்றுக்கு ஃபோர்டு எஸ்கார்ட் மாதிரி ஒரு பழைய காரைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கழற்றிப் போட்ட கிளட்ச் கராஜுக்குள் வருவது இப்படித்தான்.

பழைய எஸ்கார்ட், நம்மூர் அம்பாசடரைப் போலவே, முன்னால் இன்ஜினும் பின் சக்கரங்களில் இழுவையும் கொண்ட கார். இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட்டில் ஃப்ளைவீல், அதன்மேல் கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்க பிரஷர் பிளேட். கியர்பாக்ஸிலிருந்து நீளும் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் நடுவே நுழைந்துபோய், தன் நுனியை கிராங்க் ஷாஃப்ட்டின் முதுகில் உள்ள துளையில் ஊன்றிக்கொள்கிறது. அந்தத் துளைக்குள் அடித்துப் பொருத்தப்பட்டிருப்பதுதான் பைலட் பேரிங். இங்கிலாந்துக்காரர்கள் ஸ்பிகாட் பேரிங் என்பார்கள். சில கார்களில் பேரிங்குக்குப் பதில் வெண்கல புஷ் இருக்கும்.

ஓடும்போது இதற்குப் பெரிய வேலை இல்லை. இரண்டு ஷாஃப்ட்டும் சேர்ந்தே சுற்றுகின்றன. கிளட்சை மிதிக்கும்போதுதான் சோதனை. இன்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும், கியர்பாக்ஸ் ஷாஃப்ட் நிற்க வேண்டும். பேரிங் இறுகிப்போயிருந்தால் இன்ஜின் அந்த ஷாஃப்ட்டையும் சேர்த்து இழுக்கும். கிளட்சை முழுசாக மிதித்தும் கியர் 'கர்ர்ர்' என்று கத்தும்.

விலை என்று பார்த்தால் காரிலேயே மலிவான சாமான்களில் இதுவும் ஒன்று. ஆனால், பிறகு மாற்ற வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சைப் பிரிக்க வேண்டும். மாதக்கணக்கில் பாடுபட்டுக் கட்டிய காரை, அரசுப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும் நேரத்தில் மறுபடி பிரிக்க யாருக்கு மனம் வரும்? அந்தப் பரிசோதனையில் தேறினால்தான் நம்பர் பிளேட்டே. அதனால்தான், எல்லாம் கண்ணெதிரே திறந்து கிடக்கும்போதே இதை மாற்றிவிடத் துடிக்கிறார்கள்.

அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பல வருடத் துருவும் காய்ந்த கிரீஸும் பேரிங்கைத் துளையோடு ஒட்டவைத்திருக்கும். பின்பக்கம் அடைத்த துளை என்பதால் அந்தப் பக்கமிருந்து தட்டவும் வழியில்லை. கொக்கி போட்டு இழுக்கும் புல்லர் இருந்தால் நல்லது. ஆனால், அதன் கால்கள் பேரிங்குக்குப் பின்னால் போய் மாட்ட இடம் வேண்டும். வழுக்கி வழுக்கி வெளியே வரும். பொறுமை போன அந்த நிமிடத்தில் கை உளியைத் தேடும். வேண்டவே வேண்டாம்! கடினப்படுத்திய எஃகு சில்லுச் சில்லாகத் தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. துளையின் சுவரில் ஆழமாகக் கீறல் விழுந்தால், பேரிங்கோடு போக வேண்டிய செலவு கிராங்க் ஷாஃப்ட் வரை போய்விடும்.

பிரெட்டும் கிரீஸும் உதவுவது இந்த இடத்தில்தான். பேரிங்குக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடம் நிறையும்வரை கிரீஸை அடைக்க வேண்டும். பேரிங்கின் உள்துளைக்கு இறுக்கமாகப் பொருந்தும் தண்டு ஒன்று தேவை; கொஞ்சம் லூஸாக இருந்தால் டேப் சுற்றிக்கொள்ளலாம். தண்டை வைத்து அடித்தால், உள்ளே போக வழியில்லாத கிரீஸ், பேரிங்கின் முதுகை வெளியே தள்ளும். பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதிதான். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் பரவும்.

உள்துளை 15 மி.மீ., பேரிங்கின் வெளிவிட்டம் 21 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தண்டின் பரப்பு சுமார் 177 சதுர மி.மீ.; பேரிங்கின் பின்பக்க வளையம் சுமார் 170. ஆக, அடியின் பலம் பெருகவில்லை; கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது. திசைதான் மாறுகிறது. உள்நோக்கி அடித்த அடி, கையோ கருவியோ எட்டாத இடத்திலிருந்து, வளையம் முழுக்கச் சமமாக வெளிநோக்கித் தள்ளுகிறது. உளியால் முடியாதது இதுதான்.

முதல் நாலைந்து அடிக்கு ஒன்றுமே நடக்காது. உள்ளே காற்று இருந்தால் அது சுருங்கி அடியை விழுங்கிவிடும். தண்டு உள்ளே இறங்க இறங்க, மேலும் மேலும் அடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் மாறி, பேரிங் ஒரு மில்லிமீட்டர் எட்டிப்பார்த்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கிரீஸா, பிரெட்டா? இதில் இரண்டு கட்சி உண்டு. ஊசி ரோலர் வகை பேரிங்கில் கிரீஸ் இடுக்கு வழியே பிதுங்கி, சட்டையிலும் சுவரிலும் அடிக்கும். நனைத்த பிரெட் கல் மாதிரி இறுகிவிடும். கசிவு குறைவு, துடைப்பதும் சுலபம். ஈரம் தங்கினால் துருப்பிடிக்கும் என்பதால் துளையை நன்றாகக் காயவைக்க வேண்டும். கிரீஸ் கட்சிக்காரர்களுக்கு வேறு கவலை: ஃப்ளைவீலில் துளி கிரீஸ் ஒட்டியிருந்தாலும் கிளட்ச் பிளேட் வழுக்கும். எது பயன்படுத்தினாலும் கண்ணாடி அணியாமல் சுத்தியலைத் தொடக் கூடாது.

பழையது ஒருவழியாக 'டப்'பென்று கீழே விழும்போது, புதியது சமையலறை ஃப்ரீசரில், பட்டாணி பாக்கெட்டுக்குப் பக்கத்தில் உறைந்துகொண்டிருக்கும். குளிரில் மயிரிழை சுருங்கினால் துளைக்குள் சுலபமாக இறங்கும் என்பதற்காக. அதை எடுத்து, வெளி வளையத்தில் மட்டும் படும்படி மெதுவாகத் தட்டி உட்காரவைக்கிறார் கார்க்காரர். அடுத்து கிளட்ச் பிளேட்டைத் துளைக்கு நேர் நடுவே நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு, கியர்பாக்ஸைத் தூக்கிப் பிடிக்க பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டும்.