எட்டாயிரம் மீட்டருக்குக் கீழே மீன் உண்டா?

1960 ஜனவரி 23 அன்று மேற்குப் பசிபிக்கின் மரியானா அகழியில், ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழத்தில், 'த்ரியெஸ்த்' என்ற கலம் தரைதட்டியது. உள்ளே ழாக் பிக்காரும் டான் வால்ஷும். அங்கே தட்டையான மீன் ஒன்றைக் கண்டதாக பிக்கார் சொன்னார். உயிரியலாளர்கள் பலர் நம்பவில்லை.

அங்கே பசிபிக்கின் அடித்தரை பழையது, குளிர்ந்து கனத்துப்போனது. பக்கத்துப் புவித்தட்டுக்கு அடியில் அது வளைந்து சரிகிற இடம்தான் 2,500 கிலோமீட்டர் நீளும் இந்த அகழி. அடியில் நீரழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு டன்னுக்கும் மேல். கட்டைவிரல் நகத்தின்மேல் ஒரு காரை நிறுத்தினாற்போல!

மீன் நசுங்கிவிடாதா? உடம்பில் காற்றுப்பை இல்லையென்றால் நசுங்காது, உள்ளேயும் நீர்தானே. ஆபத்து புரதங்களுக்குத்தான். அழுத்தத்தில் அவற்றின் மடிப்பு குலையும். குலைந்த புரதம் வேலைக்கு ஆகாது. அதற்கு மீன் சேர்த்து வைக்கும் காப்புப்பொருள் டிரைமெத்தில் அமைன் ஆக்சைடு. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொண்டு புரதத்தை வடிவம் கெடாமல் வைத்திருக்கிறது.

நம் அடுக்களைக்கும் இது பழக்கம்தான். மீன் செத்தபின் பாக்டீரியாக்கள் இதை டிரைமெத்தில் அமைனாக மாற்றுவதால்தான் கவுச்சி அடிக்கிறது. குழம்புக்குக் கரைத்து ஊற்றும் புளியின் அமிலம் அந்த அமைனை ஆவியாகவிடாமல் கட்டிப்போடுகிறது. ஆழம் கூடக்கூட மீனுடம்பில் இந்தப் பொருளும் கூடும். அகழி மீனுக்கு எவ்வளவு புளி வேண்டுமோ!

ஆனால் கூட்டிக்கொண்டே போக முடியாது. மேல்மட்டத்து மீன்களில் பெரும்பாலானவற்றின் இரத்தம் கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது. அதனால் உடம்பு ஓயாமல் நீரை இழக்கிறது, மீன் கடலைக் குடித்து ஈடுகட்டுகிறது. காப்புப்பொருள் சேரச் சேர உள்ளிருக்கும் கரைசலும் அடர்த்தியாகிறது. சுமார் 8,200 மீட்டரில் உள்ளும் புறமும் சமம். இன்னும் இறங்கினால் கடல் உடம்புக்குள் புகத் தொடங்கும். 2014-இல் வெளியான ஆய்வு மீன்களின் எல்லையாகக் கணக்கிட்டது இந்த ஆழத்தைத்தான். 2022-இல் ஜப்பானின் இசு–ஒகசவாரா அகழியில் நத்தைமீன் ஒன்று கேமராவில் சிக்கியது 8,336 மீட்டரில்; கணக்கு ஏறத்தாழச் சரி. பிக்கார் கண்டது கடல்வெள்ளரியாக இருக்கலாம்.

முதுகெலும்பற்றவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றில் பெரும்பாலானவற்றின் உடல்நீர் முன்பே கடலுக்குச் சமம். எனவே மரியானா அகழியின் அடிவரை இறால் போன்ற சிற்றுயிர்கள் மேய்கின்றன. அவற்றுக்கு வேறொரு சங்கடம்: அந்த ஆழத்தில் சுண்ணாம்பு ஓடு கரைந்துவிடும். அவற்றில் ஒரு வகை, சேற்றிலுள்ள அலுமினியத்தைக் குடலில் பிரித்தெடுத்து, மேனியெங்கும் அலுமினியக் கூழாகப் பூசிக்கொள்கிறது.