டிஸ்க் விலகியவர் ஜிம்முக்குப் போகலாமா?

சந்தேகங்களும் விளக்கங்களும்

"எல் 4 - எல் 5 ஜவ்வு வெலகியிருக்குதுங்க. வெயிட்டே தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. ஆறு மாசத்துக்குக் கட்டுன ஜிம் பணம் போனதுதானுங்களா?" கோவையில் டீக்கடையில் நின்றாலும் ரேஸ்கோர்ஸில் நடந்தாலும் காதில் விழும் கேள்வி இது. பணம் போகவில்லை. ஆனால், பழைய அட்டவணையோடு அப்படியே திரும்பிப் போக முடியாது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' என்று வந்திருக்கிறது. ஜிம்மை நிறுத்திவிட வேண்டுமா?

ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து நிறுத்த வேண்டாம். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதில் 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும், 40 வயதினரில் பாதிப் பேருக்கும் டிஸ்க் புடைத்திருந்தது. அவர்கள் பாட்டுக்கு வேலைவெட்டியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆகவே, படத்தைவிட உடம்பு சொல்வதுதான் கணக்கு. வலி இடுப்போடு நிற்கிறதா, கெண்டைக்கால் வரை சுண்டி இழுக்கிறதா, கால் மரத்துப்போகிறதா என்று பாருங்கள். காலுக்கு இறங்கும் வலி புதிதாக வந்திருந்தால், அது அடங்கும்வரை எடைப் பயிற்சி வேண்டாம், நடை போதும். படுத்தே கிடப்பதும் நல்லதல்ல. முதுகைத் தாங்கும் தசைகள் தளர்ந்துவிடும்.

எடை தூக்கினால் ஜவ்வு பிதுங்கிவிடுமா?

டிஸ்க் என்றால் பழைய டியூப் போல நடுவில் கிழிந்து பிதுங்கும் என்றே பலரும் நினைக்கிறோம். மேட்டுப்பாளையம் ரோடு கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழுவினர், டிஸ்க் பிதுங்கிய 181 பேரை ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட முடிவு வேறு. அவர்களில் 65 சதவீதம் பேருக்கு, டிஸ்க் எலும்போடு ஒட்டியிருக்கும் இடம்தான் பிய்ந்திருந்தது. டியூப் வெடிக்கவில்லை, டயர் ரிம்மை விட்டுக் கழன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். உலக அளவில் பரிசு பெற்ற ஆய்வு, நம்மூர்க்காரர்கள் செய்தது. குனியும்போது அதிகம் இழுபடுவது டிஸ்க்கின் பின்பக்கம் என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

எடையைவிடக் குனிவு எவ்வளவு படுத்துகிறது என்பதற்கு ஜெர்மனியில் எடுத்த கணக்கு உண்டு. ஒருவரின் டிஸ்க்குக்குள்ளேயே அழுத்தமானியைச் செருகி அளந்து, 1999-ல் வெளியிட்டார்கள். படுத்திருக்கையில் 0.1 மெகாபாஸ்கல், நிற்கையில் 0.5. முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது 2.3. முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. உடம்போடு அணைத்துப் பிடித்திருந்தபோது வெறும் 1.1. ஒரே ஆளிடம் எடுத்த அளவுதான். ஆனால் கடைசி மூன்றிலும் அதே 20 கிலோ.

ஜிம்மில் ஒருவரைக் கவனித்தேன். கண்ணாடி முன்னால் நின்று, கோச் சொன்னபடி முதுகை நேராக வைத்து அழகாக ஸ்குவாட் முடித்தார். முடித்த கையோடு, சுவரில் சாய்த்திருந்த 20 கிலோ பிளேட்டை, கால் இரண்டையும் நட்டமாக வைத்தபடி இடுப்பை மட்டும் வளைத்து எடுத்து, அப்படியே பக்கவாட்டில் திரும்பி ரேக்கில் மாட்டினார். அதை எந்த கோச்சும் செட் கணக்கில் சேர்ப்பதில்லை. வீட்டில் கிரைண்டர் கல்லைக் குனிந்து தூக்குவதும், 25 கிலோ அரிசிச் சிப்பத்தை டிக்கியிலிருந்து இழுப்பதும் இதே ரகம்தான். டெட்லிஃப்ட்டுக்குப் பயப்படுகிறவர்கள் சிப்பத்துக்குப் பயப்படுவதில்லை.

அப்படியானால் எதைச் செய்யலாம்?

முதுகுக்குச் சாய்மானம் உள்ள செஸ்ட் பிரஸ், எடை குறைத்த லாட் புல்டவுன், நடை ஆகியவற்றில் தொடங்கலாம். வயிற்றுக்கு சிட்-அப் வேண்டவே வேண்டாம். கனடாவின் ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைத்த மூன்று பயிற்சிகள் போதும். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, இடுப்புக்கு அடியில் கைகளைக் கொடுத்துத் தலையையும் தோளையும் லேசாக உயர்த்துவது ஒன்று. சைடு பிளாங்க் இன்னொன்று. நான்கு காலில் நிற்பதுபோல் ஊன்றி, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது மூன்றாவது. லெக் பிரஸ்ஸில் முழங்காலை மார்புவரை இறக்காதீர்கள். புட்டம் சீட்டை விட்டு எழும்பினால் இடுப்பு வளைந்துவிட்டது என்று அர்த்தம். டெட்லிஃப்ட்டுக்கு ஆயுள் தடை போட வேண்டியதில்லை. ஆனால், அது பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்ன பிறகு, குறைந்த எடையில்.

அன்றைய பயிற்சி சரியா என்பதை மறுநாள் காலை சொல்லும். வலி காலிலிருந்து இடுப்புக்கு ஏறினால் நல்லது. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினால் கூடிப்போய்விட்டது.

விடியற்காலை 5 மணிக்கே ஜிம்முக்குப் போவது வழக்கம். மாற்ற வேண்டுமா?

நேரத்தை மாற்ற வேண்டாம், வரிசையை மாற்றுங்கள். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை இழுத்து உப்புகிறது. அதனால்தான் காலையில் நாம் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறோம். உப்பிய டிஸ்க்கைக் குனிந்து வளைத்தால் இழுவை அதிகம். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்து கால்விரலைத் தொடும் வார்ம்-அப் கூடாது. நடந்துவிட்டு ஆரம்பியுங்கள்.

பெல்ட் கட்டிக்கொண்டால் போதாதா?

போதாது. கட்டியவர் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூக்கிப் பார்ப்பதுதான் பெல்ட்டால் வரும் வினை.

எப்போது உடனே டாக்டரிடம் போக வேண்டும்?

நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழுகிறதா? பாதத்தைத் தூக்கும் பலம் குறைகிறது. நாள் கடத்தாமல் முதுகெலும்பு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் வராமல் நின்றாலோ, தெரியாமலே கழிந்தாலோ, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனாலோ, இரண்டு கால்களும் தளர்ந்தாலோ, அது அவசர நிலை. எண்ணெய் போட்டு நீவிவிடுகிறவரிடம் போய் ஒரு பகலை வீணாக்காதீர்கள். ராத்திரி எத்தனை மணியானாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.